அந்தப் புள்ளி யாரோடு போகிறது? வானப் படத்தில் விழுந்த அடையாளம் தெரியாத பொருளைக் கண்டுபிடிக்கும் வழி

சித்திரை மாதக் கடைசி. மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்ததால், ராமநாதபுரம் பக்கத்துச் சேதுக்கரையில் நின்று தெற்கே பார்த்தால் கடலும் இருட்டு, வானமும் இருட்டு. பழைய கேமராவை ட்ரைபாடில் மாட்டி, 50 மி.மீ. லென்ஸில் எட்டு விநாடி வீதம் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். இரவு பதினொரு மணி வாக்கில் ஒரு படத்தைத் திரையில் பெரிதாக்கினேன். மற்ற நட்சத்திரங்கள் எல்லாம் பூமி சுற்றியதில் சின்னக் கோடாக இழுபட்டிருக்க, ஒன்று மட்டும் பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போல இருந்தது. வால்மீனேதான் என்று முடிவுகட்டிவிட்டேன். தூங்கிக்கொண்டிருந்த இரண்டு நண்பர்களை எழுப்பிச் சொல்லியும்விட்டேன்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அதற்கு முன்பே என்னைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார். "என்ன தம்பி, வானத்துல தூண்டி போட்டிருக்கியளா?" என்று. இப்போது எழுந்து வந்து திரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "அந்த மங்கல் வெள்ளியா? அது வருசா வருசம் சித்திரை வைகாசியில அங்கனதான தம்பி நிக்கிது."

அவர் சொன்னதுதான் சரி. அது ஒமேகா சென்டாரி என்கிற கோளக் கொத்து. ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரங்கள், சுமார் 17,000 ஒளியாண்டு தொலைவில். பழங்கால வானியலாளர் தாலமியின் காலத்தில் அதை ஒற்றை நட்சத்திரம் என்று பட்டியலில் எழுதிவைத்தார்கள். செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்த எட்மண்ட் ஹாலி, 1677-இல், இது நட்சத்திரம் மாதிரி இல்லையே என்று குறித்தார். நம் ஊர் 9 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் அது தெற்கில் 33 டிகிரி உயரம் வரை ஏறும். கையை நீட்டி முஷ்டியை அடுக்கினால் மூன்று முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே.

அன்று பட்ட வெட்கத்தில் கற்றுக்கொண்ட முறை இது. படத்தில் புரியாத ஒன்று விழுந்தால் "இது என்ன?" என்று கேட்காதீர்கள். "இது யாரோடு போகிறது?" என்று கேளுங்கள். கேமராவோடு ஒட்டிக்கொண்டு போகிறதா? தரையோடு நிற்கிறதா? நட்சத்திரங்களோடு போகிறதா? அல்லது யாரோடும் சேராமல் தன் வழியில் போகிறதா? இந்த நாலில் எது என்று தெரிந்துவிட்டால் பெயரைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான்.

கடற்கரையை விட்டுக் கிளம்புவதற்கு முன்

இந்த வேலையில் பாதிக்கு மேல் வீட்டில் உட்கார்ந்து செய்வது. ஆனால் வீட்டில் செய்ய முடியாத சில வேலைகளை அங்கேயே, அப்போதே முடித்துவிட வேண்டும்.

முதலில், ஒரே படத்தோடு நிறுத்தாதீர்கள். சந்தேகம் வந்த உடனே அதே இடத்தை இன்னும் பத்துப் படம் எடுங்கள். அதன் பிறகு ட்ரைபாடின் தலையைக் கொஞ்சம், ஒரு விரல் அளவு, திருப்பி மறுபடி பத்து. இந்த விரலளவு திருப்பல் எவ்வளவு உபயோகம் என்று பின்னால் சொல்கிறேன். கடைசியாக லென்ஸ் மூடியைப் போட்டு, அதே விநாடி, அதே ஐஎஸ்ஓவில் (கேமராவின் ஒளியுணர் அளவு) ஐந்தாறு கருப்புப் படங்கள். இந்தக் கருப்புப் படத்தை வீட்டுக்குப் போய் ஏசி அறையில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். சென்சாரின் சூடு மாறினால் அதில் விழும் புள்ளிகளும் மாறும். நம் கடற்கரையின் புழுக்கத்தில் எடுத்தால்தான் புழுக்கத்தில் விழுந்த புள்ளி அதிலும் தெரியும்.

இரண்டாவது, நேரம். கேமராவின் கடிகாரத்தை நம்பவே நம்பாதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை பேட்டரி தீர்ந்து, ஏதோ ஒரு தேதியில் நின்று, நாம் தோராயமாகத் திருத்தி வைத்த கடிகாரம் அது. எளிய வழி ஒன்று இருக்கிறது. படப்பிடிப்பின் நடுவில் செல்போனில் விநாடி காட்டும் கடிகாரத்தைத் திறந்து, அந்தத் திரையையே கேமராவால் ஒரு படம் எடுத்துவிடுங்கள். கேமரா எழுதிய நேரத்துக்கும் போன் காட்டிய நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் படத்திலேயே பதிந்துவிடும். சர்வதேச விண்வெளி நிலையம் விநாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினால் அது 450 கி.மீ. தள்ளிப் போயிருக்கும். செயற்கைக்கோள் அட்டவணையில் எதைத் தேடினாலும் பொருந்தாது, நீங்களும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பீர்கள்.

மூன்றாவது, ஒரு துண்டுச் சீட்டு: எந்த ஊர்க் கரை, எந்தத் திசை, தரையிலிருந்து எத்தனை முஷ்டி உயரம், எந்த லென்ஸ், நிலா இருந்ததா, பக்கத்தில் எரிந்த விளக்கு எது. விளக்கைக் குறிக்க மறந்துவிடுவோம், ஆனால் அதுதான் பல சமயம் குற்றவாளி.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாரும் தனுஷ்கோடி என்பார்கள். இருட்டுக்கு அதுதான் அருமையான இடம், மறுக்கவில்லை. ஆனால் அரிச்சல்முனைப் பக்கம் மாலைக்கு மேல் ஆட்களை இருக்க விடமாட்டார்கள். தெற்கு வானம் வேண்டுமானால் மன்னார் வளைகுடாப் பக்கம் சேதுக்கரை, வாலிநோக்கம், மூக்கையூர். வடக்கு வேண்டுமானால் பாக் நீரிணைப் பக்கம் அரியமான். சேதுக்கரையில் மட்டும் தை அமாவாசை, ஆடி அமாவாசை ராத்திரிகளைத் தவிர்த்துவிடுங்கள். நமக்கு இருட்டான வானம் வேண்டிய அதே நாளில்தான் தர்ப்பணம் கொடுக்க ஊரே வரும். விடிவதற்கு முன்பே வேன்களின் ஹெட்லைட் வந்துவிடும்.

கேமராவோடு போவது

வீட்டுக்கு வந்தாயிற்று. முதல் சந்தேகம் எப்போதும் நம் சாமான்கள் மீதுதான் இருக்க வேண்டும். என் அனுபவத்தில் "இது என்ன அண்ணே?" என்று நண்பர்கள் அனுப்பும் பத்துப் படத்தில் ஏழெட்டு இங்கேயே முடிந்துவிடும்.

மூலப் படத்தை, அதாவது கேமரா எழுதிய ரா ஃபைலை, தனியாக ஒரு ஃபோல்டரில் பிரதி எடுத்து வைத்துவிட்டு, அதைத் திறந்து பாருங்கள். வாட்ஸ்அப்பில் போய்த் திரும்பி வந்த படம் சாட்சிக்கு உதவாது. செல்போனில் எடுத்ததென்றால் ப்ரோ மோடில் ரா ஃபைலாகவே எடுங்கள். நைட் மோட் பல படங்களை ஒட்டித் தைத்து, தானே மெருகேற்றியும் விடுகிறது. அதில் ஒரு புள்ளி எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது நூறு சதவீதத்துக்கும் மேலே பெரிதாக்கிப் பாருங்கள். உண்மையான நட்சத்திரமானால், எவ்வளவு மங்கலாக இருந்தாலும், ஒளி பக்கத்துப் பிக்ஸல்களிலும் கொஞ்சம் கசிந்திருக்கும். நடுவில் வெளிச்சம், ஓரத்தில் மங்கல். சென்சாரில் ஒளி படாமலே தானாக எரியும் பிக்ஸல், அதாவது ஹாட் பிக்ஸல், அப்படி இராது. ஒற்றைச் சதுரம், கத்தியால் நறுக்கியது மாதிரி, பெரும்பாலும் சுத்தச் சிவப்பு அல்லது பச்சை அல்லது நீலம். மூடி போட்டு எடுத்த கருப்புப் படத்தைத் திறந்து அதே இடத்தைப் பாருங்கள். அங்கேயும் இருந்தால் கதை முடிந்தது. ஒரே ஒரு படத்தில் மட்டும் சின்னப் புழு மாதிரி கூர்மையான கோடு கிடந்தால், அது விண்கதிர் ஒன்று சென்சாரில் நேரடியாக மோதிய தடம். லென்ஸ் வழியாக வரவே இல்லை என்பதால்தான் அதற்குக் கசிவு இல்லை.

அடுத்தது பேய் பிம்பம். சட்டகத்துக்குள்ளோ ஓரத்திலோ பலமான விளக்கு ஏதாவது இருந்தால், அதன் ஒளி லென்ஸின் கண்ணாடிகளுக்கு இடையே எதிரொளித்து இன்னொரு இடத்தில் வெளிறிய பச்சை வட்டமாக விழும். பாம்பன் கலங்கரை விளக்கம், ஜெட்டி விளக்கு, நிலா, சில சமயம் வெள்ளிக் கோள்கூட இதைச் செய்யும். கண்டுபிடிக்க எளிய வழி: விளக்கிலிருந்து படத்தின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோட்டிலேயே, நடுவுக்கு மறுபக்கம் உங்கள் மர்மப் பொருள் உட்கார்ந்திருந்தால் அது பேய்தான். இங்கேதான் ஒரு விரல் அளவு திருப்பி எடுத்த படம் கைகொடுக்கும். கேமராவைத் திருப்பினால் நட்சத்திரங்கள் எல்லாம் ஒரு பக்கம் நகரும், பேய் எதிர்ப்பக்கம் ஓடும்.

கடற்கரைக்கே உரிய ஏமாற்று ஒன்றும் உண்டு, உப்பு. சோழகக் காற்று அடிக்கிற மாதங்களில் ஒரு மணி நேரம் நின்றால் போதும், லென்ஸின் முன்கண்ணாடியில் மெல்லிய படலம் ஏறிவிடும். பிரகாசமான ஒவ்வொரு நட்சத்திரத்தைச் சுற்றியும் ஒரு புகை வளையம் தெரியும். புதியவர்கள் அதை நெபுலா, அதாவது விண்வெளி வாயு மேகம், என்று நினைத்துவிடுகிறார்கள். எல்லா நட்சத்திரத்துக்கும் ஒரே மாதிரி வளையம் இருந்தால் அது வானத்தில் இல்லை. துடைக்கும்போது காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், உப்பும் மணலும் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ஊதி, அப்புறம் லென்ஸ் திரவம் நனைத்த துணி.

தரையோடு நிற்பது

தொடுவானத்தை ஒட்டி இருப்பவற்றை விரைவாகக் கழித்துவிடலாம். நாட்டுப்படகின் விளக்கு, மண்டபம், பாம்பன் பக்கம் நின்றால் ராமேஸ்வரத்தின் 323 மீட்டர் டிவி கோபுரத்துச் சிவப்பு விளக்கு, தீவின் கிழக்குக் கோடியிலிருந்து பார்த்தால் சுமார் 30 கி.மீ. தள்ளியிருக்கும் தலைமன்னார்ப் பக்கத்து வெளிச்சம், இவையெல்லாம் நட்சத்திரங்கள் நகர நகர அங்கேயே நிற்கும். படகு விளக்கென்றால் கொஞ்சம் ஆடி, குட்டையான கிறுக்கலாகப் பதியும்.

ஆனால் தரையோடு நிற்பது உயரத்திலும் உண்டு. நம் ஊரில் வானப்படம் எடுக்கிற எவரும் ஒருநாள் இதில் மாட்டிக்கொள்வார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மாசி பிறக்கும் சமயம், இரவு எட்டரை மணி வாக்கில், ஓரியனின் இடுப்பு வார், அந்த மூன்று நட்சத்திரங்கள், நமக்கு உச்சிக்குக் கிட்ட வந்து நிற்கும். 135 மி.மீ. லென்ஸை அண்ணாந்து வைத்து, எட்டு விநாடி வீதம் நாற்பது படங்கள் எடுத்தேன். நட்சத்திரத்தைப் பின்தொடரும் கருவி எதுவும் இல்லை. பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் விநாடிக்கு 15 வில்விநாடி (ஒரு டிகிரியை 3,600 ஆக்கினால் ஒரு பங்கு ஒரு வில்விநாடி) நகரும். என் கேமராவின் பிக்ஸல் 4.3 மைக்ரான். அதை 206-ஆல் பெருக்கி 135-ஆல் வகுத்தால் பிக்ஸலுக்கு ஆறரை வில்விநாடி. ஆக, ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு நட்சத்திரமும் பதினெட்டுப் பிக்ஸல் நீளக் கோடாக இருக்க வேண்டும். இருந்தது. ஆனால் வாரின் பக்கத்தில் மூன்று மங்கலான புள்ளிகள், கோடாக இல்லாமல் வட்டமாக, நெருக்கமாக நின்றன. நாற்பது படத்திலும் சட்டகத்தில் அதே இடம்.

அதே இடம் என்றதும் ஹாட் பிக்ஸல் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் புள்ளியின் ஓரம் கசிந்திருந்தது. மூடி போட்ட படத்தில் அவை இல்லை. கேமராவை ஒரு விரல் திருப்பிய பிறகு எடுத்த படங்களில் மூன்றும் சேர்ந்து, நட்சத்திரங்கள் போன பக்கமே, அதே அளவு தள்ளிப் போயிருந்தன. அப்படியானால் ஒளி லென்ஸ் வழியாகத்தான் வந்திருக்கிறது. வானத்தில் இருக்கிறது, ஆனால் வானத்தோடு சுழலவில்லை, நம்மோடு நிற்கிறது.

நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் பூமி சுற்றும் அதே வேகத்தில் சுற்றுகிற புவிநிலைச் செயற்கைக்கோள்கள்தான் இப்படி நிற்கும். நம் மொட்டைமாடி டிஷ் யாரை நோக்கித் திரும்பி நிற்கிறதோ அவர்தான் இவர். நாம் நிலநடுக்கோட்டுக்குக் கொஞ்சம் வடக்கே இருப்பதால், இந்த வரிசை நமக்கு வான நடுக்கோட்டைவிட (நிலநடுக்கோட்டை வானம் வரை நீட்டினால் விழும் கோடு) ஒன்றரை டிகிரி தெற்கே தள்ளித் தெரியும். ஓரியன் வாரின் மூன்று நட்சத்திரங்களும் வான நடுக்கோட்டுக்குத் தெற்கே கால் டிகிரி முதல் இரண்டு டிகிரிக்குள்தான் இருக்கின்றன. ஆக, ராமநாதபுரம் கரையிலிருந்து பார்க்கிறவருக்கு அந்தச் செயற்கைக்கோள் வரிசை வாரின் ஊடாகவே போகிறது! இந்தியாவின் இன்சாட், ஜிசாட் கோள்களை 74, 83, 93.5 டிகிரி கிழக்கு என்று சில இடங்களில் பக்கம் பக்கமாக நிறுத்தியிருப்பதால், இரண்டு மூன்று ஒன்றாகத் தெரிவதும் சகஜம்.

இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. நாற்பது படங்களையும் நட்சத்திரங்களைப் பொருத்தி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால், நிற்கிறவர் ஓடுகிறவர் ஆகிவிடுவார். ஆறு நிமிடத்தில் வானம் ஒன்றரை டிகிரி சுழல்வதால், மூன்று நிலா அகலத்துக்கு மூன்று இணையான புள்ளிக் கோடுகள் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். அடுக்கிய படத்தை மட்டும் பார்க்கிறவர், ஏதோ மூன்று வாகனங்கள் அணிவகுத்துப் போவதாகத்தான் சொல்வார். அடுக்கிய படத்தை வைத்து ஒருபோதும் முடிவு சொல்லாதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். தனித்தனிப் படங்களுக்குத் திரும்பிப் போங்கள்.

வந்து போகிறவர்கள்

தன் வழியில் போகிறவற்றில் வேகமானவை, ஓரிரு படங்களில் மட்டும் தெரிந்து மறைகிறவை. இவற்றைக் கோட்டின் உருவத்தை வைத்தே பிரிக்கலாம்.

விட்டுவிட்டு எரியும் புள்ளிகள், கூடவே சிவப்பும் பச்சையும் என்றால் விமானம். கொழும்புப் பக்கம் போய்வருகிறவையும், உச்சிப்புளியில் உள்ள கடற்படை விமானதளத்திலிருந்து எழும்புகிறவையும் நமக்குப் பழக்கம். விமானப் பாதை காட்டும் செயலியில் பழைய நேரத்துக்குப் போய்ப் பார்த்தால் பயணிகள் விமானம் பெரும்பாலும் கிடைத்துவிடும். ராணுவ விமானங்கள் பல அதில் வராது. அதனால் "செயலியில் இல்லை, ஆகவே மர்மம்" என்று கிளம்பிவிடாதீர்கள்.

ஒரே சீரான கோடு, அடுத்தடுத்த படங்களில் தொடர்ந்து போகிறது என்றால் செயற்கைக்கோள். நடுவானில் திடீரென்று மங்கி மறைந்தால் பயப்பட வேண்டாம், பூமியின் நிழலுக்குள் போய்விட்டது. தாழ்வாகச் சுற்றுகிறவை பொழுது சாய்ந்து ஒன்றிரண்டு மணி நேரமும், விடிவதற்கு முன் அதேபோலவும்தான் நம் ஊரில் அதிகம் தெரியும். நள்ளிரவில் அவற்றின் மேல் வெயில் படாது. ஒரே வரிசையில் முத்துமாலை போல இருபது முப்பது போனால் புதிதாக ஏவிய ஸ்டார்லிங்க் கூட்டம். ஹெவன்ஸ் அபவ் தளத்தில் உங்கள் ஊரையும் நேரத்தையும் கொடுத்தால் எது என்று பெயரோடு சொல்லிவிடும். ஸ்டெல்லேரியம் மென்பொருளிலும் செயற்கைக்கோள் வசதியை இயக்கிவிட்டால் தெரியும்.

ஒரே படத்தில் மட்டும், இரண்டு முனையும் கூர்ந்து நடுவில் பருத்த கோடு, பச்சையில் தொடங்கிச் சிவப்பாக மாறினால் அது எரிநட்சத்திரம். அடுத்த படத்தில் அதே இடத்தில் புகை போல ஒரு தடம் கலைந்துகொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

நெளிநெளியான கோடு பறவை. இறக்கை அடிக்கும் தாளம் அந்த நெளிவில் தெரியும். பனிக்காலத்தில் தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைகள் வரும். கீழே விளக்கு வெளிச்சம் இருக்கும்போது மேலே ஒரு கூட்டம் பறந்தால், வெளிறிய அலைக்கோடுகள் பக்கம் பக்கமாகப் பதியும். முதன்முதலில் பார்க்கிறவர் அதைப் பறக்கும் தட்டு என்று சொன்னால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ராக்கெட்டின் மேல்கட்டம் மிச்ச எரிபொருளை வெளியே விட்டால், வெயில் பட்டு விசிறி போலவோ சுருள் போலவோ ஒரு ஒளிப்புகை தெரியும், சில நிமிடத்தில் விரிந்து மறையும். அன்றைக்கு உலகில் எங்கேயாவது ஏவுதல் நடந்ததா என்று பார்த்துவிடுங்கள். குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் கட்டிவருகிறார்கள். இலங்கையைச் சுற்றி வளைந்து போகாமல் நேரே தெற்கே ஏவுவதற்காக அமைகிற தளம் அது. அங்கிருந்து பறக்கத் தொடங்கினால் நம் படங்களில் இந்தப் புகைக்குப் பஞ்சம் இராது.

நட்சத்திரங்களோடு போவது

மேலே சொன்ன எதிலும் சிக்கவில்லை. எல்லாப் படத்திலும் இருக்கிறது, பக்கத்து நட்சத்திரங்களோடு சேர்ந்தே நகர்கிறது. இப்போதுதான் வரைபடத்தைக் கையில் எடுக்க வேண்டும்.

ஒரு நல்ல தனிப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். கடல், பனைமரம், கூரை எல்லாவற்றையும் வெட்டிவிட்டு வானத்தை மட்டும் அஸ்ட்ரோமெட்ரி டாட் நெட் தளத்தில் ஏற்றுங்கள். இலவசம். நட்சத்திரங்களின் முக்கோண, நாற்கோண அமைப்பை அட்டவணையோடு ஒப்பிட்டு, உங்கள் படம் வானத்தின் எந்தத் துண்டு, எந்தப் பக்கம் வடக்கு, பிக்ஸலுக்கு எத்தனை வில்விநாடி என்று சில நிமிடத்தில் சொல்லிவிடும். தெரிந்த கொத்துகள், நெபுலாக்களின் பெயரையும் படத்தின் மேலேயே எழுதித் தரும். சேதுக்கரையில் நான் இதைச் செய்திருந்தால் இரண்டு பேரின் தூக்கம் மிஞ்சியிருக்கும். நட்சத்திரக் கோடுகள் ரொம்ப நீளமாக இருந்தால் அதனால் பொருத்த முடியாது. குறைந்த விநாடியில் ஒரு படமாவது எடுத்து வைத்திருப்பது நல்லது.

இடம் தெரிந்த பிறகு அந்தப் புள்ளியின் ஆயத்தொலைவைக் குறித்துக்கொண்டு அலாடின் லைட் தளத்தில் அதே இடத்தைத் திறங்கள். பல வருடங்களுக்கு முன் பெரிய தொலைநோக்கிகள் எடுத்த படம் வரும். உங்கள் படத்தையும் அதையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். அங்கேயும் இருந்தால், சொடுக்கினாலே சிம்பாட் பட்டியலில் அதன் பெயர் கிடைக்கும்.

நம் ஊர் வானத்தில் புதியவர்களை அதிகம் ஏமாற்றுகிறவர்களைச் சொல்லிவிடுகிறேன். ஒமேகா சென்டாரியை ஏற்கெனவே பார்த்தோம். தை, மாசியில் தெற்கே கடலுக்கு மேல் ஒரு முஷ்டி உயரத்தில் மேகத் துண்டு போல நின்று, காற்றடித்தும் கலையாமல் இருந்தால் அது பெரிய மெகல்லன் மேகம், நம் பால்வெளிக்குப் பக்கத்துக் குட்டி விண்மீன் மண்டலம். டெல்லிக்காரருக்கு அது எழும்புவதே இல்லை. நமக்கும் பதினோரு டிகிரிக்கு மேல் வராது, கடல்மூட்டம் இல்லாத இரவு வேண்டும்.

பழைய படத்தில் மங்கலாக இருந்து உங்கள் படத்தில் பளிச்சென்று இருந்தால், ஒளிமாறும் நட்சத்திரமாக இருக்கலாம். இதற்கு நம் ஊர்க் கதையே உண்டு. சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரம் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்தார். அதுவும் நம் தெற்கு வானத்துக்காரர்தான். ஏஏவிஎஸ்ஓ என்கிற அமெரிக்க அமைப்பின் ஒளிமாறும் நட்சத்திர அட்டவணையில் தேடினால் பெயர் கிடைத்துவிடும்.

தன் வழியில் போவது

பழைய படத்தில் அந்த இடம் காலி. ஒளிமாறும் நட்சத்திரமும் இல்லை. அப்படியானால் அடுத்த கேள்வி: மெதுவாக நகர்கிறதா?

முதலில் கோள்களைக் கழியுங்கள். ஸ்டெல்லேரியத்தில் ஊர், தேதி, நேரம் போட்டுப் பாருங்கள். வியாழனிலும் சனியிலும் யாரும் ஏமாற மாட்டார்கள், ஏமாற்றுவது யுரேனஸ். 2025-26 பனிக்காலத்தில் கார்த்திகைக் கூட்டத்தைப் படம் எடுத்தவர்கள் எல்லார் படத்திலும், அதற்குத் தெற்கே நாலைந்து டிகிரியில், வரைபடத்தில் இல்லாத ஒரு 'நட்சத்திரம்' இருந்திருக்கும். 1690-இல் இங்கிலாந்தின் ஜான் ஃபிளாம்ஸ்டீட் அதை ஏறக்குறைய இதே இடத்தில் பார்த்து, 34 டாரி என்று நட்சத்திரமாகவே பட்டியலில் எழுதிவிட்டார். அது கோள் என்று தெரிய 1781-இல் ஹெர்ஷல் வர வேண்டியிருந்தது. சுற்றிவர 84 வருடம் ஆகும் கோள், நாலு சுற்று முடித்து அதே இடத்துக்கு வந்திருக்கிறது.

அப்புறம் சிறுகோள்களும் வால்மீன்களும். சிறுகோள், வால்மீன் பதிவுகளைச் சேர்க்கும் மைனர் பிளானட் சென்டரின் எம்பி செக்கர் பக்கத்தில் இடம், நேரம் கொடுத்தால் அந்தப் பகுதியில் அப்போது இருந்த எல்லாவற்றையும் பட்டியல் போடும். இங்கே நேரத்தை உலக நேரத்தில் கொடுக்க வேண்டும். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழியுங்கள். இரவு 11.20 என்றால் 17.50. நள்ளிரவு தாண்டியிருந்தால் தேதியும் பின்னால் போகும். 15-ஆம் தேதி அதிகாலை 2 மணி என்பது அங்கே 14-ஆம் தேதி 20.30. இந்தத் தேதிப் பிசகில் நான் ஒருமுறை ஒரு சனிக்கிழமை முழுக்கத் தொலைத்தேன்.

அதிலும் கிடைக்கவில்லையா? அடுத்த இரவும் அதற்கடுத்த இரவும் போய் அதே இடத்தை எடுங்கள். மூன்று இரவு. ஏன் மூன்று என்பதற்குச் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. 1872 நவம்பர் கடைசியில் ஐரோப்பாவில் எரிநட்சத்திரங்கள் மழையாகக் கொட்டின. காணாமல் போன பீலா வால்மீனின் சிதறல் அது என்று கருதிய ஜெர்மனியின் கிளிங்கர்ஃபியூஸ், "பீலா பூமியைத் தொட்டுவிட்டது, தீட்டா சென்டாரி பக்கம் தேடு" என்ற பொருளில் சென்னை வானாய்வகத்தில் இருந்த நார்மன் போக்சனுக்குத் தந்தி அடித்தார். போக்சன் தேடினார். டிசம்பர் தொடக்கத்தில் இரண்டு விடியற்காலைகளில் அங்கே உண்மையிலேயே ஒரு வால்மீனைப் பார்த்துவிட்டார். அப்புறம் மேகம் மூடியது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பீலாவாக இருக்க முடியாது. அப்படியானால் எது? சுற்றுப்பாதை போட மூன்று இடமாவது வேண்டும், கையில் இருந்தது இரண்டு. இன்றுவரை அதன் பாதை தெரியாது.

யாரிடம் சொல்வது

நகரவில்லை, பழைய படத்தில் இல்லை, எல்லாச் சோதனையும் தாண்டிவிட்டது என்றால் திடீரென்று வெடித்துப் பிரகாசமாகும் நோவாவோ, ஒரு விண்மீன் மண்டலத்தின் மேல் விழுந்திருந்தால் சூப்பர்நோவாவோ இருக்கலாம். நடக்காத காரியம் இல்லை. அர்ஜென்டினாவில் பூட்டுச் சாவி வேலை செய்யும் விக்டர் பூசோ, 2016 செப்டம்பரில் புது கேமராவைச் சோதிக்க என்ஜிசி 613 என்ற மண்டலத்தைக் குறுகிய விநாடிகளில் வரிசையாக எடுத்துக்கொண்டிருந்தார். முற்பாதியில் இல்லாத புள்ளி பிற்பாதியில் முளைத்து வெளிச்சம் ஏறியது. நட்சத்திரம் வெடித்த முதல் ஒளி அது. ஒரே நீளமான படமாக எடுத்திருந்தால் அந்த ஏற்றம் தெரிந்தே இருக்காது.

நோவா, சூப்பர்நோவா என்றால் முதலில் புதிதாகத் தோன்றும் பொருள்களைப் பதியும் டிரான்சியன்ட் நேம் சர்வர் தளத்தில் வேறு யாராவது அதே இடத்தைப் பதிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் பதிந்திருப்பார்கள், தானியங்கித் தொலைநோக்கிகள் ஒவ்வொரு இரவும் வானத்தை அலசுகின்றன. நகரும் பொருள் என்றால் மைனர் பிளானட் சென்டர். பெரிய எரிகல் என்றால் சர்வதேச எரிகல் அமைப்பின் படிவம்.

எழுதும்போது கதை வேண்டாம். உலக நேரம் விநாடியோடு, ஆயத்தொலைவு இரண்டும், பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டால் எவ்வளவு பிரகாசம், எத்தனை படத்தில் இருக்கிறது, அந்த இடம் காலியாக இருந்த கடைசிப் படம் எந்த நாள், கேமராவும் லென்ஸும் எது, எடுத்த இடம் எது. மூடி போட்ட படத்தையும், ஒரு விரல் திருப்பி எடுத்த படத்தையும் தயாராக வைத்திருங்கள். அனுபவமுள்ளவர் பதில் எழுதினால் முதலில் அந்த இரண்டைத்தான் கேட்பார்.